உப்புத் தண்ணீர் ரயில்

என் வாய்தான் எனக்கு எதிரி என்று அம்மா கல்யாணத்துக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் புகுந்த வீட்டில் முதல் வருடம் முழுக்க வாயைக் கட்டித்தான் வைத்திருந்தேன். இரண்டாவது வருடம் அது தானாக அவிழ்ந்துகொண்டது. ஒரு பொம்மை ரயில்தான் காரணம்.

ரயிலைக் கொண்டுவந்தவர் என் கணவர். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை அவருக்கு. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது. ஆனால் அவர் கப்பல் ஏறுவது எப்போதும் பம்பாயில்தான். அந்தத் தடவை லீவுக்கு வரும்போது ஜப்பானிலிருந்து ஒரு ரயில் செட்டு வாங்கி வந்தார். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. யாருக்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். எனக்குத்தான் என்றார். ஒரு எஞ்சின், மூன்று திறந்த பெட்டிகள், துண்டு துண்டாகப் பூட்டிக்கொள்ளும் தண்டவாளம், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வைத்த ஒரு கறுப்புப் பெட்டி.

அந்தக் கறுப்புப் பெட்டி நூறு வோல்ட்டுக்குச் செய்தது. எங்கள் சுவரில் வருவது இருநூற்று முப்பது. அத்தனை பெரிய கப்பலின் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற மனிதர், பெட்டியின் அடியில் எழுதியிருந்ததைப் படிக்காமல் பிளக்கைச் சொருகினார். பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை, அவ்வளவுதான். ரயில் ஓர் அடி நகரவில்லை.

மறுநாள் பழைய லாரி பேட்டரி ஒன்றை எங்கிருந்தோ தூக்கி வந்தார். பன்னிரண்டு வோல்ட்டை நேராகத் தண்டவாளத்தில் கொடுத்தார். ரயில் கிளம்பியதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. முதல் வளைவிலேயே தடம் விட்டுப் பறந்து அரிசி டிரம்மில் மோதி நின்றது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கு ஃபுல் ஸ்பீடு மட்டுந்தான் தெரியும் போல" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். நவம்பர் கடைசியில் கப்பலுக்குப் போய்விட்டார்.

வீட்டில் மிஞ்சியது நானும் மாமியும். அதாவது என் மாமியார். மாமா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமி நல்ல உயரம். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நான் அவருக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவரை எனக்குப் பிடித்திருந்தது.

மாமியிடம் குழந்தை சேசுவின் சுரூபம் ஒன்று உண்டு. பாலன் என்போம். தந்தத்தில் செய்தது, ஆள்காட்டி விரல் நீளம். கொழும்புக்குத் தோணி ஓட்டிய அவருடைய தாத்தா வாங்கி வந்ததாம். மாமியின் அப்பா முத்துப் பொதிந்து வைத்திருந்த சிவப்புத் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலைச் செபம் முடிந்ததும், வீட்டின் மூத்த பெண் அந்தப் பாலனை வலது கையில் ஏந்தி வந்து குடிலில் கிடத்த வேண்டும். மற்ற வீடுகளில் நள்ளிரவுப் பூசை முடிந்து வந்துதான் பாலனை வைப்பார்கள். எங்கள் வீட்டில் பூசைக்குப் போகும் முன்பே. மாமியின் அம்மா செய்தது, அவருக்குப் பின் மாமி செய்வது. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து நிற்பார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு, நான் மருமகளாக வந்த முதல் வருடம், மாமியின் வலது கை நடுங்கியது. குடிலுக்கு இரண்டு அடி இருக்கும்போது பாலன் கையிலிருந்து வழுக்கினார். மாமி சேலை மடியால் பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டது போல எல்லாரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த வருடம் முழுக்க நடுக்கம் கூடிக்கொண்டே போனது. டாக்டர் வயசு என்றார். மாமி காப்பித் தம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். விருந்தாளிகள் வந்தால் வலது கையைச் சேலைக்குள் வைத்துக்கொள்வார்.

டிசம்பர் முதல் ஞாயிறு, மில்லர்புரத்திலிருந்து என் ஓரகத்தி வந்தார். என் கணவரின் அண்ணன் மனைவி, நல்ல மனுஷி. அவர் தன்மையாகத்தான் சொன்னார்.

"மாமி, இந்த வருசம் பாலனை நான் வச்சிருதேன். ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரிளா" என்றார் மாமி. எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுகிறவர் மாமி, ருசி பார்க்கக்கூட மாட்டார். அவர் உப்பை மறந்தார் என்றால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. நான் அப்படியே சாப்பிட்டேன். அடுத்த நாளும் உப்பில்லை. மூன்றாம் நாள் மீன் அறுத்துக்கொண்டிருந்தபோது என் வாய் அவிழ்ந்தது.

"மாமி, இந்த வருசம் பாலன் ரயில்ல வரட்டுமே."

மாமி திரும்பிப் பார்த்தார்.

"அறைக்குள்ள உக்காந்து ரெண்டு கையாலயும் பொறுமையாப் பெட்டியில கிடத்திருங்க. அங்கன இருந்து குடில் வரைக்கும் நீங்களே ஓட்டிக் கொண்டு போங்க. கையில தூக்க வேண்டாம்லா."

"அது ஓடுத ஓட்டத்துக்குப் பாலன் திரேஸ்புரம் கடல்ல போய் விழுவாரு."

"மெதுவா ஓட வைக்கேன்."

"யாரு, நீயா? ஏளா, ஒம் மாப்பிள்ளையாலயே முடியல."

"அவரு கப்பல்தான் ஓட்டுதாரு. நான் பௌதிகம் படிச்சவ."

படித்தவள்தான். இரண்டாம் வகுப்பில் தேறியவள். மின்சாரப் பரிசோதனையில் ஓர் அம்மீட்டரை எரித்து, அதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவள். அதையெல்லாம் மாமியிடம் சொல்லவில்லை. மாமி அன்று சாயங்காலமே மில்லர்புரத்துக்கு ஆள் அனுப்பி, பாலனைத் தானே வைப்பதாகச் சொல்லிவிட்டார். தெருவுக்கும் சொன்னார். இனிப் பின்வாங்க முடியாது. பாலன் ஒரு தடவை கை மாறினால் மாமியின் கைக்குத் திரும்ப மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னிடம் இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு.

மோட்டாருக்குப் போகிற வோல்ட்டேஜைக் குறைத்தால் வேகம் குறையும். பாடப் புத்தகத்தில் இது ஒரே வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை முட்டை உடையும் என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. பாலனை வைத்துப் பரிசோதனை செய்ய முடியாது. அதனால் பெட்டியில் பஞ்சு விரித்துக் கோழிமுட்டை வைத்து ஓட்டினேன். பன்னிரண்டு வோல்ட்டில் முட்டை சுவரில் போய் உடைந்தது.

அந்தக் காலத்து லாரி பேட்டரிகளின் தலையில் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். ஆறு அறை, அறைக்கு இரண்டு வோல்ட். எந்தப் பட்டையில் கம்பியைக் கவ்வ வைக்கிறோமோ அத்தனை வோல்ட் கிடைக்கும். ஆறு வோல்ட்டில் வைத்தேன். ரயில் தடம் விடவில்லை, ஆனால் வளைவில் முட்டை உருண்டு விழுந்தது. நாலு வோல்ட்டில் எஞ்சின் உறுமியது, அசையவில்லை. விரலால் தள்ளினால் கொஞ்சம் ஓடி, வளைவில் நின்றது. ஆறுக்கும் நாலுக்கும் நடுவே எனக்குத் தேவையான ஏதோ ஒன்று இருந்தது. ஆனால் பேட்டரியில் அதற்குப் பட்டை இல்லை. அந்த வாரம் எங்கள் வீட்டில் தினமும் முட்டைப் பொரியல்.

"சாமி புண்ணியத்துல நல்லாச் சாப்பிடுதோம்" என்றார் மாமி.

ஒரு நாள் துணி துவைக்கும்போது நினைவு வந்தது. என் அம்மா ஊரில் தவக்காலத்தில் பாஸ்கா நாடகம் போடுவார்கள். சேசு உயிர் விடுகிற கட்டத்தில் மேடை விளக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். மேடைக்குப் பின்னால் லைட்டுக்காரர் ஒரு மண்குழாயில் உப்புத் தண்ணீர் நிரப்பி, அதற்குள் தகட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். யாரையும் கிட்டே விட மாட்டார், அது வீட்டு மின்சாரம். என்னுடையது வெறும் பேட்டரி. ஷாக் அடிக்காது. உப்புத் தண்ணீர் வழியாக மின்சாரத்தை அனுப்பினால், வழியிலேயே கொஞ்சத்தை அது தின்றுவிடும். மீதிதான் மோட்டாருக்குப் போகும்.

கடையிலிருந்து ஒரு பெரிய மிட்டாய் ஜாடி வாங்கினேன். தீர்ந்துபோன டார்ச் பேட்டரிக் கட்டைகளை உடைத்து உள்ளே இருந்த கரிக்குச்சிகள் இரண்டை எடுத்து, தண்டவாளத்துக்குப் போகும் கம்பியை நடுவில் வெட்டி, முனைக்கு ஒன்றாகக் கட்டி ஜாடிக்குள் தொங்கவிட்டேன். உப்புத் தண்ணீர் வேண்டுமே. உப்புக்கு நடுவில் வாழ்கிறவள் வேறு எங்கே போவேன்? உப்பளத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி, பாத்தியில் உப்பு விளையப் போகிற தண்ணீரை ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். இருப்பதிலேயே நல்ல உப்புத் தண்ணீர் என்று எனக்குப் பெருமை. வெளியூர்க்காரியாக இருந்தால் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்துப் பார்த்திருப்பாள். ரயில் பழைய வேகத்திலேயே பறந்தது. அத்தனை உப்பில் மின்சாரம் தடையே இல்லாமல் போய்விடும் என்று முட்டை உடைந்த பிறகுதான் மூளைக்கு எட்டியது. அதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றிவிட்டு, ஜாடியில் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். ரயில் அசையவே இல்லை.

மாமி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, கஞ்சிக்கு உப்புப் போடுத மாதிரி போடு. ஊறுகாய்க்குப் போடுத மாதிரி போடாத."

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொன்னார் என்பதால் இன்னும் கோபம். உப்பளத் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் நாலு பங்கு, ஐந்து பங்கு, ஆறு பங்கு என்று தம்ளரால் அளந்து பார்த்தேன். ஏழில் ரயில் நடந்தது. ஓடவில்லை, நடந்தது. மாதா கோயில் தேர் மாதிரி, ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக்கொண்டு போகிற நடை. கரிக்குச்சியைச் சுற்றிக் குமிழி விட்டது, பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். புறப்படும்போது மட்டும் ஒரு குதி குதித்தது. பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிற கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். பெண்பிள்ளை லாரி பேட்டரியோடு என்ன செய்கிறாள் என்று ஏற்கெனவே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"தண்டவாளத்துல குறுக்க ஒரு சின்ன பல்பும் போட்டு விடுங்கம்மா, குதி கொறையும்" என்றார்.

குறைந்தது. அந்த பல்பைக் குடிலின் நட்சத்திரத்துக்குள் வைத்துவிட்டேன். குடில் வாசலில் தண்டவாளக் கம்பி சேரும் இடத்தில் காகிதம் சொருகினேன். அங்கே வந்ததும் மின்சாரம் கிடைக்காமல் ரயில் தானாக நிற்கும்.

இனி மாமி ஓட்ட வேண்டும். கரிக்குச்சிகளை நூலில் கட்டி, நூலை அவர் கையில் கொடுத்தேன். மெல்ல இறக்கினால் ரயில் கிளம்பும் என்று ஏற்பாடு. இறக்கினார். கை நடுங்கியது, குச்சி நடுங்கியது, ரயில் விக்கி விக்கிப் போய் வளைவில் முட்டையைத் தள்ளிவிட்டது. கையின் நடுக்கம் நூல் வழியாகப் போய் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தண்டவாளத்தில் ஓடியது. மாமி நூலைக் கீழே போட்டார். "விடுளா" என்றார். "மூத்தவளே வைக்கட்டும்."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. காலையில் மாமி எனக்குக் காப்பி ஊற்றினார். ஊற்றும்போது கெட்டிலின் மூக்கு ஆடியது, காப்பித் தாரையும் ஆடியது. தம்ளருக்குள் காப்பி ஆடாமல் ஏறியது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

குச்சிகள் அசைய வேண்டாம், தண்ணீர் ஏறட்டும். ஜாடியில் பாதி தண்ணீர், அதற்கு மேலே குச்சிகள். மாமி கெட்டிலால் ஊற்ற ஊற்ற, தண்ணீர் ஏறிக் குச்சியைத் தொடும். கை எப்படி ஆடினால் என்ன? மாமி ஊற்றினார். நட்சத்திரம் சிவந்தது. ரயில் கிளம்பி, வளைந்து, முட்டையோடு குடிலுக்குப் போய் நின்றது. அன்றைக்குக் குழம்பில் உப்பு இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை முப்பது பேராவது வந்திருந்தார்கள். ஓரகத்தியும் குடும்பத்தோடு வந்திருந்தார். நான் காலையிலேயே ஒன்றுக்கு ஏழு கலந்து, ஜாடியில் பாதியும் கெட்டில் நிறையவும் ஊற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். செபம் முடிந்தது. பாலன் ஏற்கெனவே அறை வாசலில், சிவப்புத் துணி விரித்த பெட்டியில் கிடந்தார். மாமி ஸ்டூலில் உட்கார்ந்து கெட்டிலை எடுத்தார். கை வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது.

ஊற்றினார். தண்ணீர் குச்சிகளைத் தொட்டது. நட்சத்திரம் எரியவில்லை. இன்னும் ஊற்றினார். கெட்டில் காலியானது. ரயில் அப்படியே நின்றது.

கம்பிகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. ஒரு சந்தேகத்தில் ஜாடிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரிக்கவில்லை. மாமியைப் பார்த்தேன். அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கோயில் தீர்த்தம்ளா. பாலன் வாரதுக்கு வெறும் உப்பளத்துத் தண்ணியான்னு மனசு கேக்கல. கொட்டிட்டு மாத்திட்டேன்."

மூன்று வார அளவும் முற்றத்து வாழைக்குப் போய்விட்டது. கலப்பதற்கு உப்பளத் தண்ணீர் ஒரு சொட்டுகூட மிச்சம் இல்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஓரகத்தி பாதி எழுந்தார். "மாமி, நான் வேணா..." என்று மெதுவாகத்தான் சொன்னார். மாமி வலது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். அவர் முகம் போன போக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை.

குசினிக்கு ஓடி, மரத்தில் கடைந்த உப்பு மரவையைத் தூக்கி வந்தேன். பொடித்த கல்லுப்பு. ஒரு கை அள்ளினேன். ஜாடிக்கு மேலே கொண்டுபோன கை நின்றுவிட்டது. எவ்வளவு போடுவது? எனக்குத் தம்ளர் கணக்குத்தான் தெரியும், வெறும் உப்பின் கணக்குத் தெரியாது. கூடிவிட்டால் பாலன் சுவரில் போய் உடைவார். அந்த வீட்டில் அளக்காமல் உப்புப் போடத் தெரிந்தவர் ஒருவர்தான். மரவையை அவர் மடியில் வைத்தேன்.

"மாமி, நீங்க போடுங்க. கஞ்சிக்குப் போடுத மாதிரி."

மாமி என்னைப் பார்த்தார். பிறகு சேலைக்குள் மறைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தார். மூன்று விரலால் உப்பை எடுத்து ஜாடிக்கு மேலே நீட்டினார். கை நடுங்கியது. உப்பு தானாக உதிர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, சீராக. நடுங்காத கையால் அப்படித் தூவ முடியாது, பின்னால் நான் எத்தனையோ தடவை முயன்று பார்த்திருக்கிறேன். உப்பு குச்சிகளுக்கு நடுவே கரைந்துகொண்டே இறங்கியது. சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்தன. நட்சத்திரத்துக்குள் ஒரு சிவப்பு தெரிந்தது.

இன்னும் ஒரு சிட்டிகை. நட்சத்திரம் மஞ்சளானது. ரயில் அசைந்தது. பாலன் புறப்பட்டார்.

எல்லார் கண்ணும் ரயில் மேல். நான் மட்டும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் வளைவில் தயங்கியபோது மாமி இன்னும் கொஞ்சம் உப்பு உதிர்த்தார். அது திரும்பவும் நடந்தது. நேர்ப்பாதையில் போய்க் குடில் வாசலில், காகிதம் சொருகிய இடத்தில், சொன்ன பேச்சு கேட்டது போல நின்றது. யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். மாமி ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

பாட்டு முடிந்து பிஸ்கோத்துத் தட்டு சுற்றி வந்தபோது, ஓரகத்தி ஜாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு உப்பு மாமி போட்டீங்க?"

"அளவு என்னளா அளவு" என்றார் மாமி. எல்லாருக்கும் முன்னால் வலது கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு பிஸ்கோத்தை எடுத்தார். "எல்லாம் கைப்பக்குவந்தான்."